மலக்குடல் ஆபரேஷனுக்குப் பிறகு அடிக்கடி மோஷன் போகிறவருக்கு இசப்கோல் எதற்கு?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 61 வயது. மலக்குடலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, முதலில் கரண்ட் (ரேடியேஷன்) வைத்து, கூடவே கீமோ மாத்திரை கொடுத்து, அதன்பின் ஆபரேஷன் செய்து, தற்காலிகமாக வயிற்றில் பை வைத்தார்கள். பையை எடுத்துக் குடலை உள்ளே சேர்த்து நான்கு மாதம் ஆகிறது. இப்போது ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை பாத்ரூம் போகிறார். அதிலும் பொழுது சாய்ந்த பிறகு, போய்விட்டு வந்து உட்கார்ந்த பத்தாவது நிமிடம் மறுபடி எழுந்து ஓடுகிறார். நடுவில் ஒரு நாள் ஒன்றுமே போவதில்லை. டாக்டர் இசப்கோல் எழுதிக் கொடுத்தார், "அது மலச்சிக்கலுக்குத்தானே கொடுப்பார்கள், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற மனிதருக்கு எதற்கு?" என்று அம்மா அதைப் பிரிக்கவே இல்லை. உறவினர் ஒருவர் நார்ச்சத்துதான் முக்கியம் என்றதால் தினமும் கீரையும் கோதுமைத் தவிடும் கொடுத்தீர்கள். நிலைமை இன்னும் மோசமானது. ஆகவே நார்ச்சத்து அப்பாவுக்கு நல்லதா, கெட்டதா என்று கேட்கிறீர்கள். எந்த நார், எவ்வளவு, எப்படி, எத்தனை காலம் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

நான் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றின் குடல் அறுவை சிகிச்சைப் பிரிவில் உணவியல் நிபுணராகப் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அப்பாவைப் போன்றவர்கள் எங்கள் ஓபியில் வாராவாரம் வருகிறார்கள். சாப்பாடு, நார்ச்சத்துப் பொடி, அவற்றின் அளவு பற்றி நம்பிக்கையோடு பேசுவேன். மாத்திரை, குடல் இணைப்பின் நிலை, மற்ற சிகிச்சைகள் பற்றிச் சொல்வதெல்லாம் டாக்டர்களோடு சேர்ந்து வேலை செய்ததில் தெரிந்துகொண்டது. அப்பாவை நான் பரிசோதிக்கவில்லை. அதனால் இங்கே சொல்வது அவருடைய டாக்டர் சொல்வதற்கு மாற்று ஆகாது. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள உதவும்.

முதலில் உள்ளே என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்போம். மலக்குடல் என்பது ஏறக்குறைய 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள கடைசிப் பகுதி. அது வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மாதிரி: மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வருவதைச் சேர்த்து வைத்து, நாம் நேரம் பார்த்துத் திறக்கும்போது மொத்தமாக வெளியேற்றும். ஆபரேஷனில் அந்தத் தொட்டியின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மேலே இருந்த பெருங்குடலைக் கீழே இழுத்து ஆசனவாய்க்கு அருகில் இணைத்துவிட்டார்கள். இழுத்து வந்த குடலுக்குச் சேர்த்து வைக்கும் பழக்கம் கிடையாது. தள்ளிக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. ரேடியேஷன் பட்ட இடம் இறுகி, விரியும் தன்மையை இழக்கிறது. ஆசனவாயின் உள்தசையும் அதற்குப் போகும் நரம்புகளும் ஓரளவு பாதிக்கப்பட்டிருக்கும். வந்திருப்பது காற்றா மலமா என்று பிரித்தறியும் உணர்வும் மங்கியிருக்கும். பை இருந்த மாதங்களில் கீழ்க்குடல் வேலையில்லாமல் சுருங்கிக் கிடந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பாடு இரைப்பையில் இறங்கியதும் பெருங்குடல் அசையத் தொடங்குவது எல்லோருக்கும் உள்ள இயல்பு. இவர்களுக்கு அந்த அசைவு கூடுதலாக இருப்பதால்தான் சாப்பிட்ட கையோடு எழுந்து ஓட வேண்டியிருக்கிறது.

இதற்கு மருத்துவத்தில் லோ ஆன்டீரியர் ரிசெக்ஷன் சிண்ட்ரோம், சுருக்கமாக லார்ஸ், என்று பெயர். அப்பாவுக்கு மட்டும் வந்த விநோதம் இல்லை, ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டது என்றும் அர்த்தமில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பத்தில் நான்கு பேருக்கு இது கடுமையான அளவில் இருக்கிறது. கட்டி ஆசனவாய்க்கு எவ்வளவு அருகில் இருந்ததோ அவ்வளவு அதிகம். ரேடியேஷன் வாங்கியவர்களுக்கு அதிகம். 2012-இல் டென்மார்க் மருத்துவர்கள் இதை அளக்க ஐந்தே கேள்விகள் கொண்ட மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். காற்றை அடக்க முடிகிறதா, தண்ணீராகக் கசிகிறதா, எத்தனை தடவை போகிறது, போன ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி போகிறதா, வந்தவுடன் ஓட வேண்டியிருக்கிறதா என்ற ஐந்தும்தான். மொத்தம் 42 மதிப்பெண். 30-ஓ அதற்கு மேலோ வந்தால் கடுமையானது. அடுத்த தடவை போகும்போது இந்த மதிப்பெண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். "அடிக்கடி போகிறது" என்று பொதுவாகச் சொல்வதைவிட அந்த எண் அவருக்கு அதிகம் சொல்லும்.

இப்போது அம்மாவின் சந்தேகத்துக்கு வருகிறேன். அது நியாயமான சந்தேகம், படித்தவர்களும் கேட்பார்கள். வீட்டிலேயே ஒன்று செய்து காட்டுங்கள். ஒரு டம்ளரில் கால் பங்கு தண்ணீர் எடுத்து, ஒரு டீஸ்பூன் இசப்கோல் உமியைப் போட்டுக் கலக்கி வையுங்கள். முதல் நிமிடம் உமி தனியாக, தண்ணீர் தனியாகத் தெரியும். பத்து நிமிடம் கழித்து டம்ளரைச் சாய்த்தால் தண்ணீர் ஓடாது. மொத்தமும் வழுவழுப்பான கூழாகக் கெட்டிப்பட்டிருக்கும். குடலுக்குள்ளும் அதுதான் நடக்கிறது. மலம் கல்லாக இருப்பவரின் குடலில் இந்தக் கூழ் தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தைக் காயவிடாமல் காக்கிறது, அதனால் இளகுகிறது. தண்ணீராகப் போகிறவரின் குடலில், அலைந்துகொண்டிருக்கும் தண்ணீரை அதே கூழ் உள்வாங்கிக் கெட்டிப்படுத்துகிறது. அப்பா விஷயத்தில் மூன்றாவதாக ஒரு பயனும் உண்டு. துண்டு துண்டாக வருகிற மலத்தை அது ஒன்றாகச் சேர்க்கிறது. தொட்டி சிறியதாகிவிட்ட நிலையில், கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து தடவை வருவதை மூன்று நான்கு தடவையில் திரண்டு வர வைப்பதுதான் டாக்டர் இசப்கோல் எழுதியதன் நோக்கம்.

இந்தக் குணம் எல்லா நார்ச்சத்துக்கும் கிடையாது. உங்கள் வீட்டில் நடந்த குழப்பம் இங்கிருந்துதான் வந்தது. கோதுமைத் தவிடு தண்ணீரில் கரையாது, கூழாகாது. அதன் கரடுமுரடான துகள்கள் குடலின் உட்சுவரை உரசி, நீரையும் சளியையும் சுரக்கச் செய்கின்றன. மலச்சிக்கல் உள்ளவருக்கு அது உதவும். அப்பாவுக்கு எரிகிற தீயில் எண்ணெய். கீரைத்தண்டு, பச்சைக் காய்கறி, பயறுத் தோல், பழங்களின் விதை எல்லாம் ஏறக்குறைய இந்த வகைதான். இன்னொரு வகை, கரைந்தாலும் பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் முழுதாகப் புளிக்கவைத்துவிடுகிற நார். இனுலின் இதில் முக்கியமானது. "ப்ரீபயாடிக் ஃபைபர்" என்று அச்சிட்டு விற்கும் பல பொடிகளிலும் ஊட்டச்சத்து பிஸ்கட்டுகளிலும் இது இருக்கும். புளித்த பிறகு மலத்தைக் கட்ட அதில் எதுவும் மிஞ்சாது, காற்று மட்டும் மிஞ்சும். காற்றையும் மலத்தையும் பிரித்தறிய முடியாத ஒருவருக்குக் காற்று கூடினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கடையில் "ஃபைபர்" என்று கேட்டு வாங்காதீர்கள். டப்பாவின் பின்பக்கத்தில் உள்ள பொருள் பட்டியலைப் படியுங்கள். இசப்கோல் அல்லது சைலியம் உமி என்று மட்டும் இருந்தால் போதும். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைகிற அந்த உமிதான் உலகம் முழுக்க விலை உயர்ந்த டப்பாக்களில் சைலியம் என்று போகிறது. வெளிநாட்டுப் பொடிக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் ஊர் மருந்துக்கடைகளில் இசப்கோலோடு நிலாவாரை இலை, கடுக்காய் போன்றவை கலந்த சூரணங்களும் கிடைக்கின்றன. "இதுவும் அதேதான், நன்றாக வேலை செய்யும்" என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நிலாவாரை குடலைத் தூண்டிப் பேதியாக்கும் மருந்து. அப்பாவுக்கு அது கூடவே கூடாது. வெந்தயம், சப்ஜா விதை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் தண்ணீரில் வழவழப்பாகும் என்பது உண்மைதான். ஆனால் வெந்தயத்தின் நார் நன்றாகப் புளிக்கக்கூடியது, பலருக்கு வயிறு உப்பும். சப்ஜாவில் முழு விதையும் உள்ளே போகிறது, எவ்வளவு நார் போகிறது என்ற கணக்கும் பிடிபடாது. டாக்டர் எழுதியதை ஒழுங்காக அளந்து கொடுத்துப் பார்க்கும்வரை இவற்றை ஒதுக்கி வையுங்கள். மூன்றையும் ஒரே வாரத்தில் கொடுத்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இதற்கெல்லாம் ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்று கேட்டால், இரண்டாகப் பிரித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். சைலியம் தண்ணீரைப் பிடிக்கும், பெரும்பாலும் புளிக்காமல் கடைசி வரை தாக்குப்பிடிக்கும், மலத்துக்கு உருவம் கொடுக்கும் என்பதில் சந்தேகமில்லை. மலம் கசிகிற பிரச்சினை உள்ளவர்களிடமும் நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2014-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் மூன்று வகை நார்களையும் ஒரு போலிப் பொடியையும் ஒப்பிட்டார்கள். கசிவைத் தெளிவாகக் குறைத்தது சைலியம் மட்டும்தான். மற்ற இரண்டும், அதாவது கருவேலம் வகைப் பிசினும் கார்பாக்ஸிமீத்தைல் செல்லுலோஸும், உதவவில்லை. "நார் என்றால் எல்லாம் ஒன்றுதான்" என்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது இந்த முடிவைத்தான். 2015-இல் வெளியான இன்னொரு ஆய்வில் 80 பேருக்குப் பேதியைக் கட்டும் லோபரமைடு மாத்திரையையும் சைலியத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் கசிவைக் குறைத்தன, ஒன்று மற்றதைவிட மேல் என்று தெரியவில்லை. ஆனால் மலச்சிக்கல் வந்தது மாத்திரையில் 29 சதவீதம் பேருக்கு, சைலியத்தில் 10 சதவீதம் பேருக்கு. இந்த இரண்டு ஆய்வுகளும் பொதுவாக மலம் கசிகிறவர்களிடம் நடந்தவை, மலக்குடலை எடுத்தவர்களிடம் அல்ல. லார்ஸ் நோயாளிகளுக்கு நார் கொடுப்பது இந்த ஆய்வுகளிலிருந்தும் மருத்துவமனை அனுபவத்திலிருந்தும் வந்த வழக்கம். மலிவானது, பக்கவிளைவு குறைந்தது என்பதால் முதல் படியாக அதை வைக்கிறோம். எங்களிடம் வருகிறவர்களில் பலருக்கு நன்றாகவே உதவுகிறது, சிலருக்கு ஒன்றும் செய்வதில்லை, ஒரு சிலருக்கு உப்புசம் தாங்க முடியாமல் நிறுத்துகிறோம். அப்பா இதில் எந்தப் பக்கம் என்பது கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு கேள்விக்குக் கட்டாயம் பதில் வேண்டும். குடலை இணைத்த இடம் சுருங்கியிருக்கிறதா? ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு அந்தத் தையல் வளையம் குறுகிவிடும். அப்படி இருந்தால் சிறுகச் சிறுக, அடிக்கடி, முக்கி முக்கிப் போகும். பார்ப்பதற்கு லார்ஸ் மாதிரியே இருக்கும். குறுகிய வழியில் கூழை அனுப்பினால் அடைத்துக்கொள்ளும். டாக்டர் விரல் விட்டுப் பார்த்தாரா, அல்லது ஸ்கோப் செய்து பார்த்தாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வழி சரியாக இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டால் தைரியமாக ஆரம்பிக்கலாம். சாப்பாடு விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு இசப்கோல் கூடாது. தொண்டையிலேயே ஊதி அடைத்துவிடும். அந்தக் காரணத்தால்தான் யாருக்குமே அதை உலர்ந்த உமியாக வாயில் போட்டுக்கொள்ளக் கொடுக்கக் கூடாது.

அளவு. உமி மிகவும் லேசானது. ஒருவர் தலைதட்டி எடுக்கும் டீஸ்பூனுக்கும் இன்னொருவர் குவித்து எடுக்கும் டீஸ்பூனுக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம் வரும். பவுடராக அரைத்தது இன்னும் கனமானது. வீட்டில் சமையல் தராசு இருந்தால் ஒருமுறை நிறுத்து, எந்த ஸ்பூனில் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். நாங்கள் வழக்கமாக, தலைதட்டிய ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 2 கிராம், ஒரு நாளைக்கு ஒரு வேளை என்று தொடங்குவோம். அப்பாவுக்கு மாலையில்தான் தொல்லை அதிகம் என்பதால் மதியச் சாப்பாட்டோடு தொடங்கலாம். ஐந்தாறு நாள் அப்படியே விட்டுவிட்டு, உப்புசம் அதிகமில்லை என்றால் இன்னொரு வேளை சேர்க்கலாம். பிறகு வேளைக்கு 3 முதல் 3.5 கிராம் வரை மெதுவாக ஏற்றலாம். நாளொன்றுக்கு 7 முதல் 10 கிராமுக்குள் பெரும்பாலானவர்களுக்கு உரிய அளவு அமைந்துவிடும். முதல் நாளே இரண்டு பெரிய ஸ்பூன் கொடுத்து, வயிறு ஊதி, "இது நமக்கு ஒத்துக்காது" என்று தூக்கிப்போட்ட குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொடியைக் குறை சொல்வார்கள்; பிரச்சினை வேகத்தில் இருந்தது.

எவ்வளவு தண்ணீரில் என்பதில்தான் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், உங்களுக்கும் அந்தக் குழப்பம் இருக்கிறது. டப்பாவில் ஒரு பெரிய டம்ளர், சுமார் 240 மில்லி, தண்ணீரில் கலக்கச் சொல்லியிருக்கும். அது மலச்சிக்கலை மனதில் வைத்து, தொண்டையில் அடைக்காமல் இருக்கவும் எழுதியது. மலத்தைக் கெட்டிப்படுத்த வேண்டியவர்களுக்குப் பல குடல் சிகிச்சை மையங்களில் இதைக் குறைத்துக் கொடுப்பது வழக்கம். அரை டம்ளர் மோரிலோ கெட்டித் தயிரிலோ நன்றாகக் கலந்து, கூழாக இறுகுவதற்குள் சாப்பிட்டுவிட்டு, தொண்டை சுத்தமாக இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த அரை மணி நேரம் வேறு எதுவும் குடிக்காமல் இருக்கச் சொல்வோம். வெளியிலிருந்து தண்ணீர் கிடைக்காததால் குடலில் இருப்பதை அது உறிஞ்சும் என்பது இதன் பின்னால் உள்ள எண்ணம். சீரான ஆய்வில் நிரூபித்த முறை என்று இதைச் சொல்ல மாட்டேன். நடைமுறையில் உதவுவதைப் பார்த்துச் செய்கிறோம். அப்பாவின் டாக்டரோ நர்ஸோ வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். எதுவானாலும் நாள் முழுக்கக் குடிக்கும் தண்ணீரைக் குறைக்காதீர்கள். ஓடுகிறதே என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் உடம்பு வற்றும், கூழும் உள்ளே காய்ந்து இறுகும். இதயம், சிறுநீரகம் காரணமாகத் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் மட்டும் அந்த அளவில் நிற்கட்டும்.

ஒரு சாதாரண நோட்டு வாங்கிப் பாத்ரூம் கதவுக்கு வெளியே பேனாவோடு கட்டித் தொங்கவிடுங்கள். போன நேரம், மலம் எப்படி இருந்தது, கசிந்ததா, அதற்கு முன் என்ன சாப்பிட்டார், இசப்கோல் எவ்வளவு என்று ஒரு வரி எழுதினால் போதும். மலத்தின் உருவத்தைக் குறிக்க பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. ஆட்டுப்புழுக்கை போன்ற 1 முதல் வெறும் தண்ணீரான 7 வரை படத்தோடு இருக்கும், எந்த ஓபியிலும் கேட்டால் கொடுப்பார்கள். அப்பாவுக்கு 4 அல்லது 3-க்குப் பக்கமாக வர வேண்டும் என்பது குறி. அளவை மாற்றிய மறுநாளே பலன் தேடாதீர்கள்; ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான்கைந்து நாளாவது கொடுங்கள். சரியான அளவில் மூன்று நான்கு வாரம் கொடுத்தும் நோட்டில் மாற்றமே தெரியவில்லை என்றால் அந்த நோட்டோடு டாக்டரைப் பாருங்கள்.

நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போன விஷயம் ஒன்றில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன்: "நடுவில் ஒரு நாள் ஒன்றுமே போவதில்லை, மறுநாள் கொட்டித் தீர்க்கிறது." லார்ஸில் இது மிகவும் வழக்கம், ஆனால் பலர் இதைத் தவறாகக் கையாள்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது, முழுதாக வெளியேறாமல் உள்ளே தங்கிவிடுவது. தங்கியது நிறைந்ததும் மறுநாள் தவணை தவணையாக வருகிறது. அதன் ஓரத்தில் தண்ணீர் மட்டும் கசிந்து பேதி மாதிரி தெரிவதும் உண்டு. அந்த நேரத்தில் பேதி என்று நினைத்து லோபரமைடு கொடுத்தால் தங்கல் கூடும், அடுத்த நாள் இன்னும் மோசமாகும். ஆகவே ஒன்றும் போகாத நாளில் கட்டும் மாத்திரையைத் தானாகக் கொடுக்காதீர்கள். இசப்கோலை அதே அளவில் தொடரலாம், கூட்டக் கூடாது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து போகாமல் வயிறு கனத்தால் முதலில் உள்ளே இருப்பதை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஆசனவாயில் வைக்கும் மருந்தா, எனிமாவா என்பதை இணைப்பின் நிலை தெரிந்த டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். புதிதாக இணைத்த குடலில் வீட்டில் எனிமா முயற்சி வேண்டாம்.

அப்பா வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து, டிகாக்ஸின், லித்தியம், கார்பமசெபின் போன்றவற்றை இசப்கோல் உடம்பில் சேர விடாமல் தடுக்கலாம். பொதுவாக எல்லா மாத்திரைகளையும் அதற்கு ஒன்று இரண்டு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது. சர்க்கரை நோய் இருந்தால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை கொஞ்சம் இறங்கலாம், மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவராக இருந்தால் அதுவே மோஷனை இளக்கும் மருந்து. அளவையோ வகையையோ மாற்ற முடியுமா என்று சர்க்கரை டாக்டரிடம் கேட்கலாம். மாத்திரையை மாற்றியதில் பாதிப் பிரச்சினை தீர்ந்தவர்கள் உண்டு. இன்னும் கீமோ ஓடிக்கொண்டிருந்தால், அந்த நாட்களில் வரும் பேதி வேறு கணக்கு. அதற்கு நார் கொடுத்துச் சமாளிக்காமல் கீமோ டாக்டருக்கு உடனே சொல்ல வேண்டும்.

சாப்பாட்டில், இசப்கோல் கொடுத்துக்கொண்டே தவிட்டையும் கீரைத்தண்டையும் கொடுத்தால் ஒரு கையால் கட்டி இன்னொரு கையால் அவிழ்ப்பதாகிவிடும். சில வாரம் சாதம், இட்லி, சலித்த கேழ்வரகு மாவில் கஞ்சி, நன்றாக வெந்த சுரைக்காய், பூசணி, கேரட், உருளைக்கிழங்கு, தயிர், முட்டை, மீன், பாசிப்பருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாழைக்காயை வேகவைத்து மசித்துக் கொடுப்பது நம் வீடுகளில் பழைய பழக்கம். 2001-இல் டாக்காவில் நீண்ட நாள் பேதியில் இருந்த குழந்தைகளுக்கு வேகவைத்த வாழைக்காய் உதவியதை ஆய்விலேயே காட்டினார்கள். குழந்தைகளின் பேதியும் அப்பாவின் நிலையும் வேறு என்றாலும், கொடுத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை. பால் காபி, காரக்குழம்பு, எண்ணெய்ப் பலகாரம், கொண்டைக்கடலை வகைகள், நிறைய வெங்காயம், சர்க்கரை இல்லாதது என்று விற்கும் மிட்டாய்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கிவிடாதீர்கள். இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரமாகவும் கொஞ்சமாகவும் மாற்றினால் ராத்திரித் தூக்கம் கொஞ்சமாவது மிஞ்சும். வெளியே போக வேண்டும் என்பதற்காக அப்பா காலையிலிருந்து பட்டினி கிடக்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள். பல ஆண்கள் வீட்டில் சொல்லாமல் இதைச் செய்கிறார்கள், எடை இறங்கிய பிறகுதான் எங்களுக்கே தெரிய வருகிறது.

அடிக்கடி கழுவுவதால் ஆசனவாயைச் சுற்றித் தோல் வெந்து எரியும். சோப்பு வேண்டாம், பைப்பின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, துத்தநாக ஆக்ஸைடு கலந்த களிம்பைத் தடவிவிடுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். அனுபவிக்கிறவருக்கு அன்றைய பொழுதே இதில்தான் இருக்கிறது.

நார் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை. மலம் நன்றாக உருவத்தோடு வர ஆரம்பித்த பிறகும் அவசரமும் கசிவும் அப்படியே இருந்தால், மிச்சமிருப்பது தொட்டியும் தசையும் நரம்பும் சம்பந்தப்பட்டது. அங்கே பொடியைக் கூட்டிப் பயனில்லை. அடுத்த படிகள் இருக்கின்றன. லோபரமைடை டாக்டர் சொன்ன அளவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு கொடுத்தால் குடலின் ஓட்டம் தணியும், ஆசனவாய்த் தசையும் கொஞ்சம் இறுகும். அளவை மீறினால் இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் நீங்களாகக் கூட்டக் கூடாது. ரேடியேஷனுக்குப் பிறகு சிலருக்குப் பித்த அமிலம் சரியாக உறிஞ்சப்படாமல் பேதியாகும். அதற்குத் தனி மருந்து உண்டு. இடுப்புத்தளத் தசைப் பயிற்சியைத் தெரிந்த பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளலாம். ஆசனவாய் வழியாக வெதுவெதுப்பான தண்ணீரைச் செலுத்தி ஒரே நேரத்தில் குடலைக் காலி செய்துவிட்டு, மீதி நாளை நிம்மதியாகக் கழிக்கும் முறை ஒன்றும் இருக்கிறது. நர்ஸிடம் கற்றுக்கொண்டு வீட்டில் செய்வது. கடுமையான லார்ஸுக்கு அது நன்றாக உதவுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. நம் ஊரில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. முதுகெலும்பின் அடி நரம்பைத் தூண்டும் கருவி, கடைசியில் நிரந்தரமாகப் பையே வைத்துக்கொள்வது என்று அதற்கு மேலும் வழிகள் உண்டு. "கேன்சர் போனதே பெரிது, இதையெல்லாம் பொறுத்துக்கொள்" என்று யார் சொன்னாலும் அப்பா அதை ஏற்க வேண்டியதில்லை.

எத்தனை காலம் என்று கேட்டீர்கள். குடல் தானாகத் தேறுவது பெரும்பாலும் முதல் ஒரு வருடத்தில் நடக்கும், சிலருக்கு இரண்டாவது வருடமும் கொஞ்சம் தொடரும். அப்பா நான்காவது மாதத்தில்தான் இருக்கிறார். இன்னும் இடம் இருக்கிறது. இசப்கோல் பழகிப்போய் குடல் சோம்பேறியாகிவிடும் என்ற பயம் வேண்டாம், அது குடலைத் தூண்டுகிற மருந்து அல்ல. உதவுகிறவரை வருடக் கணக்கில்கூடச் சாப்பிடலாம். ஆறு மாதம் கழித்து அளவைக் குறைத்துப் பார்த்து, நோட்டில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்தலாம். அந்தச் சமயத்தில் வேகவைத்த கீரை, தோலுரித்த பழங்கள் என்று ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கவும் வேண்டும். உறவினர் சொன்னதிலும் ஒரு உண்மை இருக்கிறது: 2018-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், பெருங்குடல் மலக்குடல் புற்றுநோயிலிருந்து மீண்ட 1,575 பேரில் நார்ச்சத்து அதிகம் சாப்பிட்டவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரிந்தது. அது கவனித்துப் பார்த்துச் சொன்ன தொடர்பு, நார்தான் காரணம் என்று நிரூபித்தது அல்ல. ஆனால் முழுத்தானியத்தையும் கீரையையும் அப்பா வாழ்நாள் முழுக்க ஒதுக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு அது போதும். இப்போதைக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

வயிறு ஊதி வாந்தி வந்து காற்றுகூடப் பிரியவில்லை என்றால் இசப்கோலை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலோடு அடிவயிற்றிலோ ஆசனவாய்ப் பக்கமோ வலி வந்தாலும் அப்படித்தான். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை இறங்குவது, சில மாதம் ஒழுங்காக இருந்துவிட்டுத் திடீரென்று மறுபடி மாறுவது இவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்க வேண்டாம். முன்கூட்டியே போய்க் காட்டுங்கள். நான்கு வாரம் எழுதிய நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.